இரண்டு பீடி நெருப்பு

அத்தியாயம் 7

"இன்னும் எத்தினி மரம் தாண்டணும் மொதலாளி?"

தங்கதுரை இதைக் கேட்டபோது மொபெட்டின் பின் சக்கரம் அவன் தோளில் இருந்தது. முன் சக்கரத்தை இசைவாணி பிடித்திருந்தாள். இருவரும் சாலையின் குறுக்கே கிடந்த புளியமரத்தின் மேல் நின்றார்கள்.

"பேசாம தூக்குங்க. இது ஒம்போதாவது."

"வாங்கும்போது, இந்த வண்டி உங்க ரெண்டு பேரையும் சுமக்கும்னு சொன்னான். நாம ரெண்டு பேரும் இத சுமக்கணும்னு சொல்லவே இல்ல."

இட ஒதுக்கீடு கேட்டுத் தொடங்கிய சாலை மறியலின் ஐந்தாம் நாள் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, செப்டம்பர். கள்ளக்குறிச்சியிலிருந்து மலையடிவாரம் வரை பஸ் இல்லை, லாரி இல்லை. வெட்டிய மரங்களும் ஆங்காங்கே கறுத்துப்போன டயர் கம்பிகளும்தான் சாலையில் இருந்தன. வழியில் பார்த்த ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள், அதையும் கையில் கட்டையோடு கேட்டார்கள்.

இசைவாணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் பின்னால் பேட்டரி கடை. லாரிகளுக்கு வயரிங் பார்ப்பாள். எரியாத விளக்கு ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிக்கிறவளுக்குத் திருடுபோன பம்புசெட்டை யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இருக்காது என்று யாரோ ஒருவர் நினைத்தார். அந்த ஒருவரிலிருந்து தொடங்கி இப்போது மாதத்துக்கு இரண்டு பேராவது வேறு மாதிரியான கோளாறுகளோடு கடைக்கு வருகிறார்கள். தங்கதுரை முன்பு லாரி கிளீனர். நாற்பது வயது. அவன் வாயை மூட இன்னும் எந்த ஸ்பானரும் வரவில்லை.

நேற்று கடைக்கு வந்தவள் காசியம்மாள். பத்து மைல் நடந்து வந்திருந்தாள். அவள் புருஷன் பச்சமுத்து லாரி டிரைவர், இப்போது லாக்கப்பில் இருந்தான். மறியலின் முதல் நாள் இரவு அவன் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டைகளோடு இறங்கினான். கீழே மறியல் நடக்கிற செய்தி மேலே வெள்ளிமலைக்குப் போய்ச் சேரவில்லை. வடக்கனந்தல் தாண்டிய திருப்பத்தில் ஒரு மரம் கிடந்தது. மரத்தின் மேல் சின்னதுரை என்பவன் உட்கார்ந்திருந்தான். லாரி மோதியதில் செத்துப்போனான்.

விளக்கு தானாக அணைந்துவிட்டது என்று பச்சமுத்து சொன்னான். இன்ஸ்பெக்டர் மறுநாள் மத்தியானம் வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதோடு அவன் பேச்சு முடிந்தது.

பத்தாவது மரத்துக்கு அப்பால் லாரி தெரிந்தது. முன்பக்கம் நீண்ட மூக்குள்ள பழைய லாரி. மூட்டைகளை இறக்கிவிட்டு, அதைச் சாலையோரத்தில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் நாற்பது பேர் இருந்தார்கள். தரையில் நீளமாக ஒரு ஜமுக்காளம். இரவும் பகலும் அங்கேயே கிடக்கிறார்கள் என்பது அது கசங்கியிருந்த விதத்தில் தெரிந்தது. நடுவில் காவலுக்கு ஒரே ஒரு போலீஸ்காரர், ஏட்டு முனியன், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற போலீஸ் எல்லாம் பெரிய ரோட்டில் இருந்தது.

காசியம்மாள் தூரத்தில் வெயிலில் நின்றாள். செருப்பைக் காலில் போடாமல் கையில் வைத்திருந்தாள்.

தங்கதுரை மொபெட்டை நிறுத்திவிட்டுச் சாலையோரப் பள்ளத்தைத் தாண்டியவன் சட்டென்று எகிறிக் குதித்தான். லாரியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், பள்ளத்துக்குள் ஒரு பூசணிக்காய் இருந்தது. மேலே வட்டமாக வெட்டி, குங்குமம் கொட்டி, வெட்டிய துண்டையே மூடியாக வைத்திருந்தது. பக்கத்தில் காய்ந்த எலுமிச்சம்பழங்கள்.

"அடடா, பத்து பேருக்குக் கூட்டு வெச்சிருக்கலாம்."

"தொட்டுப் பாரு," என்றான் கூட்டத்தில் ஒருவன். அவன் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. "கை அழுகி வுழும். ரத்தம் குடிச்ச வண்டிக்குக் கழிச்ச காய்டா அது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். மழிக்காத முகம், தோளில் துண்டு இல்லை. செத்தவனுடைய அண்ணன் கொளஞ்சியப்பன். போன வருஷம் அவருடைய டிராக்டருக்கு இசைவாணிதான் வயரிங் பார்த்தாள். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அவளை உள்ளே விட்டிருந்தார்கள்.

"பாக்க வந்தியா, இல்ல அவனுக்குப் பரிஞ்சி பேச வந்தியா?"

"பாக்க வந்தேங்க."

"பாரு. பொழுது சாயற வரைக்கும் பாரு. அதுக்குள்ள அந்த ரெண்டாவது ஆளு இங்க வரணும். வரலன்னா இந்த வண்டி எரியும். அப்புறம் நாங்க அவங்க தெருவுக்குப் போவோம்."

காசியம்மாளின் கையிலிருந்த செருப்பு ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது ஆள் யாருங்க?"

"இவ தம்பி. அய்யப்பன். அவந்தான அந்த வண்டிக்குக் கிளீனரு? எங்கியோ ஒளிச்சி வெச்சிருக்கா."

"அவன் அன்னிக்கி வண்டியிலயே ஏறலீங்க," என்றாள் காசியம்மாள். "காய்ச்சலு. வெள்ளிமலையிலதான் படுத்துக்கினு கிடந்தான்."

"உன்ன யாரும் கேக்கல."

இசைவாணி கொளஞ்சியப்பனைப் பார்த்தாள். "ரெண்டு பேர நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா அண்ணே?"

"பாத்தேன். தம்பி மரத்து மேல உக்காந்திருந்தான். நான் ஓரமா நின்னுக்கினு இருந்தேன். லாரி ரெண்டு லைட்டும் எரிஞ்சிக்கினுதான் வந்துது. திருப்பத்துல எங்களப் பாத்தான். பாத்ததும் பட்டுனு அணைச்சான். அணைச்சிட்டு வந்து ஏத்தினான். தெரியாம வந்தவன் இன்னாத்துக்கு லைட்ட அணைக்கணும்?"

கூட்டம் உறுமியது. இந்தக் கேள்வியை அவர்கள் நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருட்டுல ரெண்டு பேருன்னு எப்படித் தெரிஞ்சிது?"

"பீடி. லைட்ட அணைச்சப்புறம் ரெண்டு செவப்புப் புள்ளி பாத்தேன். குடிச்சிக்கினே வந்தானுங்க. ஒரு உசிரு போவுது, அவனுங்க பீடிய வாயிலருந்து எடுக்கல."

இசைவாணி காசியம்மாள் பக்கம் திரும்பினாள். "உங்க வூட்டுக்காரரு பீடி குடிப்பாரா?"

"வெத்தல பாக்குதாங்க. பீடி வாசனையே ஆவாது."

"அப்ப ஒண்ணு அய்யப்பன் பீடி. இன்னொண்ணு?"

"இன்னொண்ணு மூணாவது ஆளு," என்றான் மண்ணெண்ணெய் டின்காரன். "அவனையும் சேத்து ஒப்படைங்க."

தங்கதுரை மெதுவாகச் சொன்னான்: "நல்லவேள, அன்னிக்கி மின்மினி பறக்கல. பறந்திருந்தா ஒரு பஸ் ஆளுங்கள ஒப்படைக்கணும்."

"இன்னாடா சொன்ன?"

"ஸ்பானரக் காணோம்னு சொன்னேங்க."

இசைவாணி கேட்டாள்: "அண்ணே, அந்தச் செவப்புப் புள்ளிங்க எவ்ளோ ஒயரத்துல இருந்துது? கைய வெச்சிக் காட்டுங்க."

கொளஞ்சியப்பன் எரிச்சலோடு தன் மார்பில் கையை வைத்தார். "இங்க."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு லாரியில் டிரைவரின் முகம் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அது அவர் தலைக்கும் மேலே இருந்தது. பானட் பக்கம் போனாள்.

பானட்டைத் திறந்ததும் தங்கதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டான். "இது வண்டியா, ஆஸ்பத்திரியா?"

ஒரு வயரில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. இன்னொன்றில் சைக்கிள் டியூப். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். ஹாரன் வயரை ஒரு ஊக்கு பிடித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷத்து எண்ணெயும் புழுதியும் எல்லாவற்றின் மேலும் ஒரே நிறமாகப் படிந்திருந்தது.

"சுவிட்சப் போடுங்க," என்றாள்.

தங்கதுரை ஏறி சுவிட்சைப் போட்டான். வெயிலிலும் தெரிகிற அளவுக்கு இரண்டு விளக்கும் எரிந்தன. வயர்களை ஆட்டினாள். எரிந்தன. பானட்டைத் தட்டினாள். எரிந்தன. பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். அப்போதும் அசையாமல் எரிந்தன.

யாரோ கைதட்டினார்கள். பிறகு நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

"தானா அணைஞ்சிடுச்சாம்!"

"பொம்பளையப் பாத்ததும் எரியுதுடா!"

"போதும்மா, கெளம்பு. மண்ணெண்ண ஆவியாப் போய்க்கினு இருக்கு."

ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. பேச்சு மட்டும் தேன் மாதிரி இருந்தது.

"வேல தெரிஞ்ச பொண்ணு. வையாதீங்க. பாவம், இவ்ளோ தூரம் வந்திருக்கு."

அவர்தான் லாரியின் சொந்தக்காரர் காசிநாதன். கொளஞ்சியப்பனுக்குப் பங்காளி முறை. நான்கு நாளாகச் சாவு வீட்டாரை விட்டு நகராமல் கூடவே இருந்தார். என் வண்டியே என் பிள்ளையைக் கொன்றுவிட்டதே என்று அவர் அழுததைப் பார்த்து ஊரே அழுததாகச் சொன்னார்கள்.

"வண்டிய எரிச்சா உங்களுக்குத்தான நஷ்டங்க?" என்றாள் இசைவாணி.

"எரியட்டும்மா. எனக்கு வண்டியா பெருசு? உசிரே போச்சி. வயரிங் எல்லாம் பத்து நாளைக்கு முன்னாடிதான் பாத்தேன். நானே ஒரு காலத்துல டிரைவருதான். எங்கையாலயே முறுக்கினேன். குத்தம் வண்டி மேல இல்ல. மிதிச்சவன் மேல."

தங்கதுரை பானட் மறைவில் அவள் காதருகே வந்தான். "மொதலாளி, கெட்டது எதுவும் கெடைக்கல. போயிடலாமா?"

"இவ்ளோ பழைய வண்டியில கெட்டத எதுக்குத் தேடுறீங்க? எல்லாமே கெட்டது. நல்லது எதுனாச்சும் இருக்கா, அதப் பாருங்க."

இருவரும் குனிந்தார்கள். தங்கதுரைதான் முதலில் பார்த்தான். பேட்டரியிலிருந்து லாரியின் சட்டத்துக்குப் போகிற தட்டையான செம்புப் பட்டை. மற்ற எல்லாமும் கறுப்பாக இருக்க, அது மட்டும் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. அதைச் சட்டத்தோடு முறுக்கியிருந்த போல்ட்டும் புதிது.

"கெழவி வாயில தங்கப் பல்லு," என்றான் தங்கதுரை.

"கழட்டுங்க. எல்லாரும் பாக்கற மாதிரி கழட்டுங்க."

அவன் ஸ்பானரைப் போட்டான். போல்ட் வந்தது. வாஷர் வந்தது. வாஷருக்கு அடியில், இரும்பின் மேல், வட்டமாகச் சிவப்பு இருந்தது. இசைவாணி விரலால் தொட்டு எடுத்துக் காட்டினாள். குங்குமம். அதில் சந்தனமும் கலந்திருந்தது.

"ஏட்டய்யா, இந்த வண்டிக்கு எப்ப பூச போட்டாங்க?"

முனியன் குடையை ஊன்றி எழுந்தார். "மறுநாள் காலையில. ரத்தம் பட்ட வண்டி, கழிக்காம வெச்சா ஊருக்கு ஆவாதுன்னு காசிநாதன் ஐயாதான் கேட்டாரு. நாந்தான் வுட்டேன். சந்தனம், குங்குமம் எல்லா எடத்துலயும் வெச்சாரு. பானட்ட தெறந்து உள்ளயும் வெச்சாரு. தனியாத்தான் பண்ணாரு, கழிப்பு பாக்கக் கூடாதுன்னு எங்களயெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொன்னாரு."

"பத்து நாளைக்கு முன்னாடி முறுக்கின போல்ட்டுக்கு அடியில, மூணு நாளைக்கு முன்னாடி வெச்ச குங்குமம் எப்படிங்க போச்சி?"

கூட்டத்தில் சத்தம் குறைந்தது. கொளஞ்சியப்பன் காசிநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

காசிநாதன் சிரித்தார். கோபமே படாமல் சிரித்தார். "ஏம்மா, பேட்டரி கடை வெச்சிருக்கியே, வெள்ளிக்கெழமைன்னு ஒண்ணு உங்கூர்ல வராதா? வாராவாரம் வண்டிக்கு நான் பொட்டு வெக்கிறேன். பத்து நாளைக்கு முன்னாடி முறுக்கும்போது அதுக்கு முந்தின வெள்ளிக்கெழம வெச்ச பொட்டு இருந்திருக்கும். அது மேலயே முறுக்கியிருப்பேன். இதுவா சாட்சி?"

"அதானே!" என்றது கூட்டம். மறுபடியும் கைதட்டல் எழுந்தது. இந்த முறை ஒரு மண்கட்டி பறந்து வந்து பானட்டில் பட்டு உடைந்தது.

"குங்குமத்த வெச்சி கொலகாரன வெளிய கொண்டாரப் பாக்குறா."

"பொழுது சாயப் போவுது. டின்னத் தூக்குடா."

காசியம்மாள் ஓடிவந்து லாரியின் படிக்கும் மண்ணெண்ணெய் டின்காரனுக்கும் நடுவில் நின்றாள். அவன் அவளைத் தள்ளவில்லை. தொட்டால் தீட்டு என்பது போல் ஒரு அடி பின்னால் போனான். அந்த ஒரு அடிதான் இசைவாணிக்குக் கிடைத்த நேரம்.

"ஏட்டய்யா, பூச முடிஞ்சி அவரு போகும்போது கையில இன்னா எடுத்துக்கினு போனாரு?"

"ஒண்ணும் இல்ல. வெறுங்கூடை. சட்டப்பைய கூட நான் தடவிப் பாத்துதான் வுட்டேன். கேசு வண்டியாச்சே."

"வரும்போது?"

"பூசணிக்கா கூடை. அவ்ளோதான். கூடைய நான் பாக்கல, சாமி சமாச்சாரம்."

இசைவாணி கண்ணை மூடித் திறந்தாள். பழைய பட்டை ஒன்று கழன்றிருக்கிறது. அது வெளியே போகவில்லை. நான்கு நாளாக நாற்பது பேர் இங்கேயே படுத்திருக்கிறார்கள், இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டே, நாற்பது பேரும் தொடாமல் இருக்கிற இடம் இங்கே எது?

"அண்ணே," என்றாள் கொளஞ்சியப்பனிடம். "திருஷ்டி கழிச்ச பூசணிக்காய இன்னா பண்ணுவாங்க?"

"இன்னா பண்ணுவாங்க, நடு ரோட்டுல போட்டு ஒடைப்பாங்க. கொழந்தைக்குக் கூடத் தெரியும்."

"இந்தக் காய ஏன் யாரும் ஒடைக்கல?"

கொளஞ்சியப்பன் பள்ளத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. மஞ்சள் பூசிய காய், மூடி வைத்தபடி, உருண்டையாக, முழுசாக உட்கார்ந்திருந்தது. நான்கு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்ததால் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"ஒடைக்கலயா?" கொளஞ்சியப்பனின் குரல் மாறியது. "கழிச்சிட்டு ஒடைக்காம ஊருக்குள்ளயே வுட்டு வெச்சியா காசிநாதா?"

"பதட்டத்துல மறந்துட்டேன்," என்றார் காசிநாதன். எழுந்து நின்றுவிட்டார். "பொண்ணே, அதத் தொடாத. வம்சமே அழிஞ்சி போவும்."

"தங்கதுரை?"

"மொதலாளி, நான் உங்களுக்காக மொபெட்ட தூக்கறேன், மண்ணாங்கட்டிய வாங்கறேன். இது மட்டும் வேணாம். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

இசைவாணி பள்ளத்தில் இறங்கினாள். மூடியை எடுத்தாள். உள்ளே குங்குமமும் அழுகலுமாகச் சேறு போல இருந்தது. முழங்கை வரை கையை விட்டாள்.

கையை வெளியே எடுத்தபோது விரல்களில் ஒரு பட்டை தொங்கியது. ஒரு முழ நீளம். பாதி இழைகள் அறுந்து, மீதி பச்சையாகவும் கறுப்பாகவும் துருப் பிடித்து, பழைய துணி மாதிரி இருந்தது. ஒரு முனையில் துரு தின்ற போல்ட் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது.

"கூடையில புதுசு வந்துது. பூசணியில பழசு போச்சி," என்றாள்.

"அதனால இன்னா?" காசிநாதன் கத்தினார். தேன் எல்லாம் வடிந்துவிட்டது. "பட்டைய மாத்தினா கொலையா? விளக்க அணைச்சது அவன் கை!"

"அதையும் பாத்துடலாங்க."

அவள் கையைக் கழுவக்கூட இல்லை. புதிய பட்டையை எடுத்துவிட்டு அழுகல் ஒட்டிய பழைய பட்டையையே மாட்டி, துருப்பிடித்த போல்ட்டையே முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே பேசினாள். உரக்கப் பேசவில்லை. கேட்பதற்காக அவர்களே கிட்டே வந்தார்கள்.

"பேட்டரியிலருந்து கெளம்பற கரண்ட்டு வெளக்க எரிச்சிட்டு, வண்டி இரும்பு வழியாத் திரும்பி பேட்டரிக்கே வந்தாகணும். அது திரும்பற ஒரே ரோடு இந்தப் பட்டை. ரோட்டுல துரு ஏறிடுச்சின்னா, கொஞ்சம் கரண்ட்டுதான் போவும். ஜாஸ்தி வந்தா நிக்கும்."

"உங்கள மாதிரியே துருவும் மறியல் பண்ணியிருக்கு," என்றான் தங்கதுரை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் அடிக்கவும் இல்லை.

"அந்த ஜமுக்காளத்தக் குடுங்க."

லாரியின் மூக்கில் ஜமுக்காளத்தை விரித்து இரண்டு விளக்கையும் மூடினார்கள். அதற்குள் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இருட்டு கிடைத்தது.

"அண்ணே, நீங்க உள்ள போய் நில்லுங்க. அன்னிக்கி நின்ன மாதிரியே வண்டியப் பாத்துக்கினு நில்லுங்க."

கொளஞ்சியப்பன் தயங்கினார். பிறகு துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"காசியம்மா, நீங்க ஏறுங்க. நடுவுல இருக்கறது பிரேக்கு. நான் சொல்லும்போது மிதிங்க. உங்க வூட்டுக்காரரு மரத்தப் பாத்ததும் எப்படி மிதிச்சிருப்பாரோ அப்படி மிதிங்க."

காசியம்மாள் அந்த வண்டியில் ஒரு முறைகூட ஏறியதில்லை. செருப்பைக் கீழே படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

தங்கதுரை சன்னல் வழியாகக் கையை விட்டுச் சுவிட்சைப் போட்டான். ஜமுக்காளத்தின் இழைகளுக்குள் வெளிச்சம் பரவியது.

"எரியுதா அண்ணே?"

"எரியுது."

"மிதிங்க!"

ஜமுக்காளத்தின் வெளிச்சம் பட்டென்று போனது. உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை, அடிபட்ட மாட்டின் சத்தம். கூட்டம் முன்னால் பாய்ந்தது. டின்காரன் மூடியைத் திருகினான்.

"கிட்ட வராதீங்கடா!" துணிக்குள்ளிருந்து கொளஞ்சியப்பன் கத்தினார். பிறகு மெதுவாக, "அவ கால எடுக்கச் சொல்லு," என்றார்.

காசியம்மாள் எடுத்தாள். வெளிச்சம் வந்தது.

"மிதிக்கச் சொல்லு."

போனது.

மூன்று முறை அப்படிச் செய்யச் சொன்னார். நான்காம் முறை விளக்கு அணைந்த பிறகு காலை எடுக்கச் சொல்லவில்லை.

"இன்னா தெரியுதுங்க அண்ணே?" என்று இசைவாணி கேட்டாள்.

"ரெண்டு புள்ளி. செவப்பா. பீடி நெருப்பு மாதிரி."

"ஒயரம்?"

துணியைப் புடைத்துக்கொண்டு அவர் முழங்கை மேலே எழுந்து, மார்பின் உயரத்தில் நின்றது.

"அது பீடி இல்லீங்க. வெளக்குக்குள்ள இருக்கற கம்பி. பிரேக்க மிதிச்சா பின்னாடி செவப்பு வெளக்குக்கும் கரண்ட்டு வேணும். துரு புடிச்ச பட்டையால ரெண்டையும் தாங்க முடியல. முன் வெளக்கு செத்துப் போயி, கம்பி மட்டும் செவந்து நிக்கிது. உள்ள ரெண்டாவது ஆளு இல்ல. வெளக்க யாரும் அணைக்கவும் இல்ல. உங்க தம்பியப் பாத்த அந்த நிமிஷத்துல, பச்சமுத்து பிரேக்க மிதிச்சிருக்காரு. வெளக்கு அணைஞ்சதுதான் அதுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

கொளஞ்சியப்பன் வெளியே வந்தார். நேராகக் காசிநாதனிடம் போனார். காசிநாதன் இரண்டு அடி பின்னால் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்.

"ஒரு பட்டைதாண்டா," என்றார் காசிநாதன். "வெளக்கு மங்குது, மங்குதுன்னு அவன் ஆறு மாசமா அரிச்சிக்கினு இருந்தான். பகல்ல ஓட்டுடான்னு சொன்னேன். இப்படி ஆவும்னு நான் கண்டனா?"

"மூணு ராத்திரி," என்றார் கொளஞ்சியப்பன். "மூணு ராத்திரி எங்கூட இதே ஜமுக்காளத்துல படுத்தியேடா. அந்தக் காய்க்கு எதிர்லயே."

அவர் அடிக்கவில்லை. ஏட்டைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். முனியன் குடையை அக்குளில் செருகிக்கொண்டு காசிநாதனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவ பேட்டரி கடக்காரி. எதனா வித்த காட்டியிருப்பா."

"ஆமா. நாங்க இன்னாத்தப் பாத்தோம்?"

கொளஞ்சியப்பன் திரும்பினார். அவர் முகத்தில் இன்னும் அன்பு எதுவும் வந்துவிடவில்லை. காசியம்மாளின் பக்கம் அவர் பார்க்கவும் இல்லை.

"வந்து பாருங்கடா," என்றார்.

"நீங்க கால எடுத்துடலாம்மா," என்றாள் இசைவாணி.

காசியம்மாள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. அவள் பேசியபோது முதல் முறையாக எல்லோருக்கும் கேட்டது.

"எல்லாரும் பாக்கட்டுங்க. கடைசி ஆளு பாக்கற வரைக்கும் நான் கால எடுக்க மாட்டேன்."

"பேட்டரி எறங்கிடும் மொதலாளி," என்றான் தங்கதுரை.

"எறங்கட்டும். நம்ம கடையில வேற இருக்கு."

முதலில் ஒருவன் வந்தான். துணியைத் தூக்கி உள்ளே போனான், வெளியே வந்தான், ஓரமாகப் போய் நின்றான். அடுத்தவன் வந்தான். அதற்கு அடுத்தவனும் வந்தான். வரிசை மெதுவாக நகர்ந்தது. உள்ளே போகும்போது முறைத்தவர்கள் வெளியே வரும்போது தரையைப் பார்த்தார்கள். படிக்குப் பக்கத்தில் இருந்த செருப்பை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் மண்ணெண்ணெய் டின்காரன் மட்டும் இருந்தான். அவன் ஒரு கையால் ஜமுக்காளத்தைத் தூக்கப் பார்த்தான். கனமாக இருந்தது, சரிந்தது. இன்னொரு முறை பார்த்தான்.

பிறகு டின்னைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்கினான்.